காந்தத்தின் மேல் கத்தி

இரும்பின் பரப்பைத் தேய்த்துச் சமமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டரிலிருந்த கல்லைக் கழற்றிவிட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே உப்புத்தாள் பெல்ட் ஓடும்படி மாற்றியிருந்தான் லூர்து. மெஷின் அக்கா புனிதாவுடையது. "ஒரே ஒரு கத்தி கோணலில்லாம எடுத்துக் காட்டு, மெஷினை நீயே வச்சுக்க. இல்லன்னா கல்லை மாட்டிட்டு என் வேலையப் பாப்பேன்" என்று சொல்லியிருந்தாள்.

சூடேற்றி எண்ணெயில் முக்கியபோதே கத்தி லேசாக வளைந்துவிட்டது. அதை மெஷினின் மேஜையில் படுக்கவைத்து, கைப்பிடியைத் திருப்பி அடியிலிருந்த காந்தத்தைப் போட்டான். காந்தம் இழுத்த இழுப்பில் வளைவு காணாமல் போனது. பெல்ட் பொறி சிதற ஓடிப் பரப்பைக் கண்ணாடியாக்கியது. காந்தத்தை விட்டதும் கத்தி மூச்சு வாங்குவதுபோல எழும்பி, பழைய வளைவுக்கே போய்விட்டது. திருப்பிப் போட்டுத் தேய்த்தான். மறுபடியும் அதே கதை. கத்திதான் மெலிந்துகொண்டே வந்தது, அதன் பிடிவாதம் மெலியவில்லை. இப்போது பனையோலை கனம்தான் மிச்சம். இன்னொரு முறை தேய்த்தால் அதுவும் இருக்காது.

புனிதா வந்தபோது பெல்ட் நின்றிருந்தது. கத்தி காந்தத்தின் மேல் நூல் பிடித்தாற்போல் கிடந்தது. குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அட, நேராத்தான்டா இருக்கு! நான்கூட நீ வாயாலயே கத்தி செய்றவன்னுல்ல நெனச்சேன்."

"பாத்துட்டல்லக்கா? போதும்ல?"

"கையில எடுத்துப் பாக்க வேணாமா? காந்தத்தை விடுடா."

லூர்து காந்தத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சூடா இருக்குக்கா."

புனிதா பக்கத்திலிருந்த பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.