முயலுக்கு வைத்த பொட்டு

முயல் பிஸ்கட்டின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தது மாயாண்டிதான். அதை அவன் மறுக்கவும் இல்லை.

"அப்பு, இது யாரு வச்சது?" கிளப்பின் பின்பக்கத்துச் சமையலறையான குசினியில் டின்னைத் திறந்து பார்த்த துரைசானியின் முகம் சிவந்துவிட்டது.

"நாந்தாங்க. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு வச்சேன். போன வருசம் அம்புட்டு அழகா இருந்துச்சு. மேசைக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாம் வெடிச்சுப் போச்சுங்களே."

வெள்ளை ஐசிங் பூசிய முயல்கள், மஞ்சள் கோழிக்குஞ்சுகள், பூப்போட்ட முட்டைகள். எல்லாவற்றுக்கும் கருக்கின சீனியில் ஒரு கறுப்புப் பொட்டு. முட்டைக்குக் கன்னம் எது என்று தெரியாததால் அதற்கு மட்டும் நடுவில் வைத்திருந்தான்.

ஈஸ்டருக்கு ஈஸ்டர் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் மனைவிமாரான துரைசானிமார் ஹட்டன் பக்கத்தில் இருந்த இந்தக் கிளப்பில் கூடி பிஸ்கட் போட்டி வைப்பார்கள். தங்கள் கையாலேயே செய்துகொண்டு வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் மாவு பிசைவது, சுடுவது, ஐசிங் பூசுவது எல்லாம் பங்களாச் சமையல்காரர்களான அப்புமார்தான். துரைசானிமார் கையால் செய்தது, அப்புவைக் கூப்பிட மணி அடித்தது மட்டும். இது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ரகசியம். தன்னுடைய ரகசியம் அடுத்தவளுக்குத் தெரியாது என்று ஒவ்வொருத்தியும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இது பார்த்தா நீ செஞ்சதுன்னு தெரியும். கூலிக்காரங்க லயத்துல எல்லாப் பிள்ளை கன்னத்துலயும் இது இருக்கு."

"சுரண்டி எடுத்துரட்டுங்களா?"

ஒன்றைச் சுரண்டிப் பார்த்தான். பொட்டோடு சேர்ந்து முயலின் பாதி முகமும் வந்துவிட்டது.

முன் கூடத்தில் துரைசானியைக் கூப்பிட்டார்கள்.

"இன்னிக்கு எனக்கு மானம் போனா, நாளைக்கு உனக்கு வேலை இல்ல, பத்துச்சீட்டுதான். பெஞ்சாதி பிள்ளை கூட்டிட்டு வேற தோட்டம் போ." சொல்லிவிட்டுத் துரைசானி விடுவிடென்று போய்விட்டாள்.

தங்கள் டின்களோடு நின்றிருந்த மற்ற அப்புமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் சிரித்தவன் பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பன். கைவேலையில் மாயாண்டிக்கும் அவனுக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம்.

"பொட்டு வச்சியே மாயாண்டி, பூ வைக்க மறந்துட்டியேப்பா."

குசினியே சிரித்தது.

"சிரிங்கண்ணே. ஒங்களுக்கு இன்னைக்குத் தீவாளிதான்."

"பின்ன? இந்த வருசம் பரிசு எங்க தொரைசானிக்குத்தான். நீ போயி விறகுக் கொட்டில்ல ஒக்காந்து அழுவு. தட்டையெல்லாம் நாங்க கொண்டு போயி வச்சுக்கிறோம். ஒன் கண்ணீரு பட்டா ஐசிங் கரைஞ்சிரும்."

மாயாண்டி கொட்டிலுக்குப் போனான். அழவும் செய்தான். பெண்சாதி பேச்சியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? முயலுக்குப் பொட்டு வைத்ததால் வேலை போயிற்று என்று எந்தக் கங்காணியிடம் போய் நிற்பது?

கொஞ்ச நேரத்தில் கூடத்துச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. அதற்குமேல் அவனால் இருக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

நீள மேசையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. அவனுடைய முயலுக்குப் பொட்டு. அடுத்த தட்டு முயலுக்கும் பொட்டு. அதற்கடுத்த தட்டில் யாரோ வாத்து செய்திருந்தார்கள். வாத்துக்கும் பொட்டு.

துரைசானிமார் தங்கள் தட்டைப் பார்த்தார்கள், அடுத்தவள் தட்டைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

நடுவராக வந்திருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதென்ன, எல்லாவற்றிலும் கறுப்பாக?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் லண்டனில் இதுதான் மோஸ்தர்," என்றாள் மாயாண்டியின் துரைசானி.

"ஆமாம், நான்கூடப் பத்திரிகையில் பார்த்தேன்," என்றாள் கந்தப்பனின் துரைசானி.

மற்றவர்கள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டினார்கள்.

பரிசு மாயாண்டியின் துரைசானிக்குக் கிடைத்தது. கோப்பையும் கையுமாகப் பின்பக்கம் வந்தவள், "அப்பு, அடுத்த வருசமும் பொட்டு வை. கொஞ்சம் சின்னதா வை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாயாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. எல்லா அப்புமாரும் வீட்டிலேயே பொட்டு வைத்துத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள். வைத்ததையும் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல இந்தக் கந்தப்பன் என்னமாய்ச் சிரித்தான். நேராகக் குசினிக்குள் போனான்.

"ஏண்ணே, நீங்களும் பொட்டு வச்சு டின்னுக்குள்ள ஒளிச்சுக்கிட்டு, என்னைய மட்டும் அத்தன பேருக்கு முன்னால கேலி பண்ணுனீங்களே, இது நாயமா?"

"கேலி பண்ணாம, கொஞ்சிக்கிட்டு இருக்கச் சொல்றியா? ஓடுய்யா, தொரைசானி தேடப் போகுது," என்று திரும்பிப் பார்க்காமலே விரட்டினான் கந்தப்பன். கிளப் அடுப்பில் சீனியைக் கருக்கி, ஆறக்கூட விடாமல் எல்லாத் தட்டுக்கும் அவசர அவசரமாகப் பொட்டு வைத்ததில் கொப்பளித்துப்போன சுட்டுவிரலை, அவன் தண்ணீர்க் கோப்பைக்குள் முக்கி வைத்திருந்தான்.