உண்மைவிளம்பி

அடுக்குமாடிச் சங்கத்தின் இணையதளத்தில் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுப் போடலாம் என்றாள், தளத்தைக் கவனிக்கும் மருமகள். கூடாது என்றார் சங்கச் செயலாளரான மாமனார்.

“நமக்குள்ள என்னம்மா ஒளிவு மறைவு?”

கூட்டம் கைதட்டியது.

“உண்மைவிளம்பியும் இதையேதான் எழுதியிருக்காரு,” என்றார் பொருளாளர். யாரென்றே தெரியாத அந்த உறுப்பினர், செயலாளர் தும்மினாலும் தளத்தில் பாராட்டி எழுதுவார்.

மருமகள் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தாள். “பூட்டு இல்லன்னா, இந்த வைஃபையில யார் என்ன அனுப்பினாலும், எந்த போன்லேர்ந்துங்கறது வரைக்கும் அப்பட்டமாத் தெரியும் மாமா.”

மாமா தலை நிமிரவில்லை, காதிலும் வாங்கவில்லை.

“ஒண்ணையும் காணோமே?” என்று பொருளாளர் சிரித்தார். அப்போது திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

‘செயலாளர் சொல்வதே சரி. அவரைப் போல வருமா! - உண்மைவிளம்பி.’

கீழே போனின் பெயர்: ‘மாமா போன்’. அந்தப் பெயரை வைத்துக் கொடுத்தவளே மருமகள்தான்.

கூட்டம் செயலாளர் பக்கம் திரும்பியது. நிமிர்ந்து திரையைப் பார்த்த மாமனார், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சரிம்மா, பூட்டிடு.”

“உண்மைவிளம்பி ஒத்துக்கணுமே?” என்றார் பொருளாளர்.

“ஒத்துக்குவாரு.”