மூன்றாம் பாட்டு

கச்சேரி முடிந்ததும் வளர்மதி வழக்கம்போல ஆறு கேமராக்களின் படமும் ஒலியும் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாடுகிறவர் தாளம் தவறினால், பதிவைத் திருத்தும் இயந்திரம் குரலை நகர்த்தும், உதட்டை நகர்த்தும், மிருதங்கக்காரரின் விரலைக்கூட நகர்த்திவிடும். ஊர் பார்ப்பது அந்தப் பிழையில்லாத படத்தைத்தான்.

பாடகி சுகுணா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அடுத்த வருஷம் மிருதங்கத்துக்கு வேற ஆள் பார்க்கணும் மதி. படத்துல பார்த்தா செழியன் சும்மா தாளம் தட்டுற மாதிரிதான் இருக்கு.”

சற்றுத் தள்ளி மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த செழியனின் காதில் அது விழுந்திருக்கும். அவன் நிமிரவில்லை.

இதில் தலையிட நாம் யார் என்று வளர்மதிக்கு ஒரு கணம் தோன்றியது. ஒலி பொருந்தியிருப்பதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு திருத்தங்களை நீக்கிவிட்டு மூன்றாம் பாட்டை ஓடவிட்டாள்.

“இதப் பாருங்கக்கா.”

திரையில் சுகுணா தாளம் முடியும் முன்னமே பல்லவிக்குத் தாவினாள். செழியன் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தான். வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் முடித்து, மறு நொடியே அவளோடு சேர்ந்துகொண்டான். சபையில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

“நான் தாளத்த விட்டேனா செழியா? எனக்கே தெரியலையே. இது மாதிரி எத்தனை தடவ?”

“எண்ணி வெச்சதில்லக்கா.”

சுகுணா இன்னொரு முறை போடச் சொன்னாள். முடிகிற வரை அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பாட்டத் திருத்தாம அப்படியே வெளியிடு மதி,” என்றாள்.