ஒட்டாத இடம்

காரை வாங்கப்போகிறவர் அனுப்பிய மெக்கானிக், துணி சுற்றிய காந்தத்தோடு வண்டியின் முன்னால் குனிந்தார். தகரத்தில் அது கப்பென்று ஒட்டும். அடிபட்டு, பட்டி வைத்து, பெயின்ட் பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது.

"ஒரு கீறல்கூட விழாத வண்டி," என்றான் கணவன், மனைவியோடு வண்டிக்குப் பின்னால் நின்றபடி.

"இங்க ஒட்டலையே சார்," என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

மனைவி கையைப் பிசைந்தாள். "பின் கதவுதானே? நீங்க ஊர்ல இல்லாதப்ப கேட்ல உரசிட்டேங்க. திட்டுவீங்களேன்னு சொல்லாம பட்டி வச்சுட்டேன்."

"கதவா?" கணவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் தூண்ல இடிச்சது டிக்கியைத்தானே?"

"எப்போ?"

"நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப."

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். "அப்போ இவர் எதைச் சொல்றாரு?"

மெக்கானிக் நிமிர்ந்து, நோட்டில் எழுதிக்கொண்டார்.

"கதவு, டிக்கி. சரி சார். நான் காந்தம் வச்சது முன் பம்பர்ல."

"அதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அது பிளாஸ்டிக், எந்த வண்டியிலயும் ஒட்டாது. நான் எப்பவும் அங்கருந்துதான் ஆரம்பிப்பேன்."