விலை போகாத வீடு

வீடு ஏலத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்க்க யார் வந்தாலும், வீட்டுக்காரரே கேட் வரைக்கும் வந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

“மழை வந்தா வாளி வைக்க எடம் பத்தாதுங்க. அப்படி ஒழுகும்,” என்பார் ஒருத்தரிடம்.

“சுவர் பூரா ஓதம். இடிச்சுக் கட்டினாலும் அஸ்திவாரம் தாங்காது,” என்பார் இன்னொருத்தரிடம்.

காரில் வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

“என்ன மனுஷன்மா இவர்?” என்றார் எதிரே இஸ்திரி போடுகிறவர். “அச்சகம் நடத்துறேன்னு வீட்டை அடமானம் வெச்சு மெஷின் வாங்கினார். மெஷின் ஓடல, வட்டிதான் ஓடுச்சு. பேங்க் வந்து எடுத்துக்கிச்சு. சரி, போனது போகட்டும். தனக்கில்லாதது எவனுக்கும் இருக்கக் கூடாதுன்னா எப்படி?”

“பொறாமைதான்,” என்றாள், வீட்டைப் பார்த்தபடி தெருவில் நின்றிருந்தவள்.

சொல்லும்போதே உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். ரெண்டு தடவை ஏலம் போட்டும் கேட்க ஆளில்லை. ரெண்டு தடவையும் பேங்க் விலையைக் குறைத்திருந்தது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் கடை விட்டதும் இந்தத் தெரு வழியாகத்தான் நடந்து போவாள். பஸ் ஓட்டும் அவள் புருஷனுக்கு ஓய்வு நாளென்றால் அவனும் கூட வருவான். இந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் இருவருக்கும் கால் தானாகத் தயங்கும்.

வெளிறிப்போன மஞ்சள் வீடு. மாடியில் ஒரு அகல ஜன்னல். வெயில் சாய்கிற நேரத்தில் அந்தக் கண்ணாடியில் வானம் முழுக்க இறங்கி நிற்கும்.

“அந்த ஜன்னலோரம் கட்டில்,” என்பாள் அவள்.

“வேணாம். நாற்காலி ரெண்டு போடுவோம். கட்டில் போட்டா நீ எந்திரிக்கவே மாட்டே,” என்பான் அவன்.

வாடகை வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அவர்கள் இந்த வீட்டில்தான் இருப்பார்கள். அடுப்பை இடம் மாற்றுவார்கள், திரைச்சீலைக்கு நிறம் பார்ப்பார்கள், ஒருநாள் அதற்காகச் சண்டைகூடப் போட்டார்கள். யார் வீட்டுக்கோ யாரோ போட்ட சண்டை. காசா பணமா, கனவுதானே.

மூன்றாம் தடவை விலை இறங்கியபோது அது அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது.

வீட்டைப் பார்க்கப் போனார்கள். அச்சகக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். ஒழுகலைப் பற்றி இப்போது ஆரம்பிப்பார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“மாடிப்படியில கைப்பிடி கொஞ்சம் ஆடும். பாத்து ஏறுங்க,” என்றார். அவ்வளவுதான். பின்பக்கம் போய்விட்டார்.

“நம்மகிட்ட மட்டும் ஏன் எதுவும் சொல்லல?” என்றாள் திரும்பும்போது.

“சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருக்கும்,” என்றான் அவன்.

ஏலத்தில் போட்டிக்கு ஆளே இல்லை. வீடு அவர்களுக்கே வந்தது.

பத்திரம் முடிந்த அன்றைக்கு பேங்க் அதிகாரி சொன்னார்: “உங்களுக்கு அதிர்ஷ்டம். அவருக்குத்தான் கஷ்டம். வித்த பணம் கடனுக்குப் பத்தல. மிச்சத்தை அவர்தான் கட்டணும்.”

“தவளை தன் வாயால கெட்டுச்சு,” என்றான் புருஷன், வெளியே வந்ததும். அவளும் தலையாட்டினாள்.

அச்சகக்காரரும் மனைவியும் வாடகைக்குப் போனார்கள். இவர்கள் குடிவந்தார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஏற்கெனவே வாழ்ந்த இடம் போலிருந்தது. தூக்கத்தில் எழுந்து நடந்தால்கூட அவளுக்கு வழி தெரிந்திருக்கும்.

பிறகு மழை வந்தது, விடாமல் ஒரு வாரம். அவள் வாளிகளோடு அறை அறையாகச் சுற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள். ஓதமும் இல்லை.

மழை விட்ட மறுநாள் அச்சகக்காரர் அவள் வேலை செய்யும் கடைக்குள் வந்தார். கண்ணாடிக்கு ஒரு காது கழன்றிருந்தது.

திருகாணியை முடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள். “வீடு ஒழுகலையே.”

“ஒழுகாது. நான் நின்னு கட்டினது.”

“அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னீங்க?”

“வந்தவங்க எல்லாம் இடிச்சிட்டுக் கடை கட்ட வந்தவங்கம்மா. வீட்டுக்குள்ள ஒருத்தர்கூட நுழையல. தெருவுல நின்னு அகலத்தை அளந்தாங்க.”

“அதனால உங்க கடன் அடையாம நின்னுபோச்சே?”

“நின்னுச்சு. புதுசா ஒரு அச்சகத்துல வேலைக்குச் சேந்துட்டேன். கொஞ்ச வருஷம் ஓட்டினா அடைஞ்சிரும். விலை எறங்கலேன்னா நீங்க எப்படி வாங்குவீங்க?”

அவள் கை நின்றது.

“எங்களுக்காகவா? எங்களை உங்களுக்கு அப்போ தெரியவே தெரியாதே.”

அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

“தெரியாம என்னம்மா. சாயங்காலம் ஆனா நாங்க ரெண்டு பேரும் அந்த ஜன்னலுக்குப் பின்னாலதான் உக்காந்திருப்போம். நீங்க தெருமுனை திரும்பினதுமே எங்க வீட்டம்மா சொல்லும், ‘இந்தா, வீட்டுக்காரங்க வந்துட்டாங்க’ன்னு.”