கார்டிருக்க பயமேன்

"முதல்ல இதை எழுதிக்கோங்க. பாக்கெட்ல எப்பவும் டிஷ்யூ பேப்பர் இருக்கணும். ஷாங்காய்ல பப்ளிக் பாத்ரூம்ல நிறைய இடத்துல வச்சிருக்க மாட்டான்."

வாஞ்சிநாதன் சொல்லச் சொல்ல, கலாவதி டைரியில் எழுதிக்கொண்டாள். பயணம் போக வேண்டிய அவள் கணவன் பாலசுப்ரமணியனோ மூன்றாவது வடையில் மும்முரமாக இருந்தான்.

வாஞ்சிநாதனுக்கும் அவனுக்கும் அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஒரே அலுவலகம். அது ஷாங்காயில் கிளை திறந்த 2006-ஆம் வருஷம். வாஞ்சிநாதன் பத்து நாள் தனியாகப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார். வரும் புதன்கிழமை பாலுவின் முறை.

பால் வாங்கக் கடைக்குப் போனாலே மூன்று தடவை போன் பண்ணி, "சிவப்பு மூடியா, நீல மூடியா?" என்று கேட்கிறவன் பாலு. அவனைத் தன்னந்தனியாகச் சீனாவுக்கு அனுப்பக் கலாவதிக்குத் துணிவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்து அவனை வாஞ்சிநாதன் வீட்டுக்கு இழுத்து வந்திருந்தாள்.

"குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. ரோட்ல யாராவது சிரிச்சுக்கிட்டே வந்து, 'இங்கிலீஷ் பேசிப் பழகணும், டீ சாப்பிடலாம் வாங்க'ன்னு கூப்பிட்டா போயிடாதீங்க. ஒரு டீக்கு சொத்தையே எழுதி வாங்கிடுவான்."

"சாப்பாட்டுக்கு என்ன சார் பண்ணினீங்க? இவர் முட்டைகூடத் தொட மாட்டார்."

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, வாஞ்சிநாதன் பர்ஸிலிருந்து லாமினேட் செய்த ஒரு கார்டை எடுத்தார். முழுக்கச் சீன எழுத்து.

"என் வொய்ஃப் ஸ்வர்ணா எதிர்வீட்டு மிஸஸ் லின்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்தா. 'நான் சுத்த வெஜிடேரியன்'னு போட்டிருக்கு. இதை நீட்டினா போதும், வேற டிப்ஸே வேண்டாம். என்ன மரியாதைங்கறீங்க! முதல் நாள் ரெஸ்டாரன்ட்ல காட்டினேன். முதலாளியம்மாவே ஓடி வந்து, சூடான டீயை எனக்கு எட்டாம நகர்த்தி வச்சுட்டு, கஞ்சியை ஊதி ஊதி ஆற வச்சு, ஸ்பூனோட குடுத்தாங்க."

பாலு வடையை மெல்வதை நிறுத்தினான். "கஞ்சியை ஊதியா?"

"கேளுங்க. கார்டைப் பார்த்த டாக்ஸிக்காரன் ஹோட்டல் வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிடல. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய், ரிசப்ஷன்ல ஒப்படைச்சு, அந்தப் பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் போனான்."

"மார்க்கெட்ல ஏமாத்துவாங்கன்னு சொல்றாங்களே சார்?" என்றாள் கலாவதி.

"யாரும்மா சொன்னா? சில்க் ஷர்ட்டுக்கு பேரம் பேசிப் பணத்தை நீட்டினேன். பர்ஸ்லேர்ந்து கார்டு கீழ விழுந்துது. கடைக்காரி எடுத்துப் படிச்சா. அவ்வளவுதான், ஷர்ட்டை உள்ள வச்சுட்டு, பணத்தை என் பாக்கெட்லயே திணிச்சு, ஜிப்பையும் மூடி விட்டுட்டா! ரோடு க்ராஸ் பண்ண ஒரு போலீஸ்காரர் டிராஃபிக்கையே நிறுத்தினார். தனியாப் போனேன்னுதான் பேரு. பத்து நாளும் ஒரு நிமிஷம்கூட யாரும் என்னைத் தனியா விடல!"

வாஞ்சிநாதன் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒருத்தன் இப்படித் தாங்கியிருப்பானா?"

கலாவதி டைரியை மூடினாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். ஸ்வர்ணா காபி கலந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கார்டை இவருக்குக் குடுங்களேன். வந்ததும் பத்திரமாத் திருப்பிக் குடுத்துடறேன்."

ஸ்வர்ணாவின் கை அப்படியே நின்றது. ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ, அது வேண்டாம் கலா. வெஜிடேரியன்ங்கறது அதுல கடைசி வரிதான். மேல, 'இவருக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. தனியாத் திரிஞ்சா கையைப் பிடிச்சு இந்த ஹோட்டல்ல சேர்த்துடுங்க. எவ்வளவு கெஞ்சினாலும் எதையும் விக்காதீங்க'ன்னு எழுதச் சொன்னேன். பக்கத்துல இருக்கற எடிசன் ஊருக்குக் காய் வாங்கப் போறேன்னு கிளம்பி, அடுத்த ஸ்டேட்டு பென்சில்வேனியா போய்ச் சேர்ந்த மனுஷன். வேற எப்படி அனுப்பறது, சொல்லு?"

கலாவதி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"மிஸஸ் லின் இப்ப வீட்ல இருப்பாங்களா அக்கா?"