வெறும் வயிற்று மாத்திரை

“மாத்திரையத் தினமும் குடுக்கீங்களா இல்லையாம்மா?”

டாக்டர் உமாதேவி, ரத்தப் பரிசோதனை முடிவை மேசைமேல் போட்டுவிட்டு நிமிர்ந்தார். குரலில் கோபம் இருந்தது.

“சத்தியமா குடுக்கேன் டாக்டர். காலையில பல்லு வெளக்குனதும், வெறும் வயித்துல, என் கையாலதான் குடுக்கேன். ஒரு நாளு தப்புனதில்ல,” என்றாள் வள்ளித்தாய்.

“அப்போ போட்ட மாத்திரையெல்லாம் எங்க போச்சு? தைராய்டு மாத்திரை மாசக்கணக்கா உள்ள போகாத உடம்பு மாதிரி இருக்கு. மூஞ்சி வீங்கி, குரல் கம்மிப்போய்... இந்த உடம்போட பிள்ளைய ஹாக்கி ஆட விட்டிருக்கீங்க!”

வள்ளித்தாய் கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தாள்.

கோவில்பட்டியில் ஹாக்கி தெரியாதவர்களுக்குக்கூட சந்தனமாரியைத் தெரியும். பந்து அவள் மட்டைக்கு வந்துவிட்டால் எதிரணிப் பிள்ளைகள் பின்னால் ஓடி வர வேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவள் இன்று காலை, மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில், பந்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். பாதி ஆட்டத்தில் சுருண்டு விழுந்தாள். ஆட்டம் முடிந்து படித்த பெயர்களில் அவள் பெயர் இல்லை.

“காலு எடுக்கவே முடியல டாக்டர். ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு. சோம்பேறின்னு கோச் ஏசுனாரு,” என்றாள் சந்தனமாரி. பிறகு மெதுவாகக் கேட்டாள். “அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்லா?”

டாக்டர் அவள் தலையைத் தடவினார்.

“இவ அப்பா எங்கம்மா?”

“வெளிய நிக்காவ. நேத்துதான் தீப்பெட்டி லோடு எறக்கிட்டு லாரிய விட்டு வந்தாவ. அவியளுக்கு இந்த வியாதியே தெரியாது டாக்டர், சொல்லிராதீங்க!” வள்ளித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். “அவிய அக்கா மவனுக்குத்தான் இவளக் கேட்டு வச்சிருக்காவ. ஆயுசுக்கும் மாத்திரை திங்கிற பிள்ளைன்னு தெரிஞ்சா யாரு கெட்டுவா? அதான், நூறு மாத்திரை டப்பாவுல இருந்த பேரக்கூடச் சொரண்டி எடுத்துட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருக்கேன்.”

“கல்யாணம் பெருசா, பிள்ளை பெருசாம்மா?”

டாக்டர் தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்து பூவனலிங்கத்தைக் கூப்பிட்டார். ஊரில் இருக்கும் நாளில் மகள் ஆடும் ஆட்டம் ஒன்றைக்கூட விடாத மனுஷன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“உங்க மகளுக்கு மூணு வருஷமா தைராய்டு சரியா சுரக்கலைங்க. பெரிய வியாதி ஒண்ணும் இல்ல. தினமும் ஒரு மாத்திரை போட்டா மத்த பிள்ளைங்க மாதிரி ஓடலாம், ஆடலாம். இத்தனை நாள் அப்படித்தான் ஆடியிருக்கா. உங்ககிட்ட மறைச்சிட்டாங்க.”

“என்னிய மன்னிச்சிருங்க...” வள்ளித்தாய் அடி விழும் என்று நினைத்துக் குறுகி நின்றாள்.

அடி விழவில்லை. பூவனலிங்கம் சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். மகளை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

“பேரில்லாத டப்பாவ ஒளிச்சு வச்சிருக்கவும், நீ ஊக்க மருந்து குடுத்துப் பிள்ளைய ஓட வைக்கன்னு நெனச்சுட்டேன் வள்ளி. சோதனையில மாட்டுனா அவ பெறவு மட்டையத் தொட முடியாதேன்னு பயந்து, மூணு மாசம் முன்ன, சித்திரையிலயே அதையெல்லாம் கொட்டிட்டு, அதே மாதிரி வெள்ளச் சத்து மாத்திரைய நான்தான் ரொப்பி வச்சேன்.”